தோட்டாவின் வாயை இறுக்குவதற்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், சுங்கை சிப்புட்:

குழுவினருக்கு வணக்கம். வேட்டைத் துப்பாக்கிகள் பற்றிய அமெரிக்க நூல் ஒன்றைச் சென்னைப் பதிப்பகத்துக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இயலை அனுப்பியாக வேண்டும். கூட்டின் வாயைக் குண்டின் மேல் இறுக்குவதைக் குறிக்கும் ‘கிரிம்ப்’ என்ற ஒரே சொல்லில் நான்கு நாளாகத் தேங்கி நிற்கிறேன்.

அங்கே வேட்டைக்காரர்கள் சுட்டுக் கழித்த பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டைச் செருகித் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது. ஆகவே நம்மவர் கைப்பழக்கத்தில் இதற்குச் சொல் பிறக்கவில்லை.

பிரௌனிங் பார் போன்ற அரைத்தானியங்கித் துப்பாக்கியில், ஒரு வெடி முடிந்ததும் வாயுவின் விசையால், அறையின் பின்வாயை மூடியிருக்கும் அடைப்புக்கட்டை பின்னால் போய் வெற்றுக்கூட்டை வெளியே எறிகிறது. திரும்பும் வேகத்தில் அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. அப்போது குண்டின் மூக்கு அறை வாயிலின் சரிவில் மோதுகிறது. கூட்டின் கழுத்து இறுகப் பிடித்திராவிட்டால் குண்டு உள்ளே இறங்கிவிடும். மருந்துக்குரிய இடம் சுருங்கி, சுடும்போது அழுத்தம் எகிறும். அதனால் கூட்டின் வாய் விளிம்பைக் குண்டின் இடுப்பைச் சுற்றியுள்ள காடி என்ற பள்ளத்துக்குள் அழுத்திவிடுகிறார்கள். இதற்கு ‘மடிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்:

அம்மா, மடிப்பு சேலைக்குப் போதும். ‘நெரிப்பு’ என்று எழுதுங்கள். புருவத்தை நெரிக்கிறோம், கழுத்தை நெரிக்கிறோம். நீங்கள் சொல்லும் இடமும் கழுத்துதானே? வல்லின றகரத்தையும் பாருங்கள்: ‘நெறி’ என்றால் சுருள். குறுந்தொகையில் வரும் ‘நெறியிருங் கதுப்பு’ அலையலையாய்ச் சுருண்ட கூந்தல். ஆங்கிலத்திலும் கூந்தலை நெளியாக்குவதற்கு இதே ‘கிரிம்ப்’தான். இடையினம் நசுக்குகிறது, வல்லினம் சுருள்கிறது. விளிம்பு நசுங்கிச் சுருளும் இந்த வேலையில் இரண்டும் வந்து சேர்கின்றன.

‘தோட்டா’ உருதுவழி வந்த சொல். அதையும் இந்த நூலிலேயே மாற்றிவிடலாம். ‘வெடிகூடு’ நல்ல சொல். கூடு என்பதற்குள்ளேயே கூடுதல் என்ற வினை இருக்கிறது. மருந்தும் குண்டும் கூடுமிடம் அது.

செம்பனை ஆலை மின்பணியாளர், சுங்கை சிப்புட்:

ஐயா எனக்குத் தமிழ் கற்பித்தவர். மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தோட்டாவை விட்டுவிடுங்கள் ஐயா. தோட்டத்துக்குப் பன்றி சுட வந்தவர்களிடம் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி கண்டதும் தோட்டாதான். வெடிகூடு என்றால் அவருக்குப் பறவைக் கூடுதான் நினைவுக்கு வந்திருக்கும்.

ஆலையில் நாங்கள் கேபிள் முனையில் ‘லக்’ என்ற செம்பு இணைப்பு முனையைச் செருகிக் கைக்கருவியால் அமுக்குகிறோம். அதற்கும் இதே ஆங்கிலச் சொல். அமுக்கியதும் ஒரு கையில் கேபிளையும் மறு கையில் லக்கையும் பிடித்து இழுத்துப் பார்ப்போம். கழன்று வந்தால் முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். வடிவம் எப்படி இருக்கிறது என்பது பிறகு, முதலில் பிடி. என் சொல் ‘கவ்வு’.

மொழிபெயர்ப்பாளர்:

தம்பி சொன்னதும் எனக்குத் தெளிந்துவிட்டது. என் அம்மா விடியற்காலையில் கறிபாப் என்ற உருளைக்கிழங்குப் பலகாரம் செய்வார். விளிம்பைப் பெருவிரலால் கிள்ளி, உள்பக்கம் மடித்து, அந்த மடிப்பின் முனையிலேயே அடுத்ததைக் கிள்ளுவார். மலாயில் ‘கெலிம்’ என்பார்கள். அது உருளைக்கிழங்கு வெளியே வராமல் மூடுகிறது. எதையும் பிடித்து வைப்பதில்லை. சிதறு ரவைத் தோட்டாவின் வாயை ஆறு அல்லது எட்டு மடிப்பாக மூடுகிறார்களே, ‘மடிப்பு’ அதற்கே உரியது. நம் நூலில் உள்ளது பிடிப்பு.

அதிலும் இரண்டு வகை. ஒன்றில் வாய் விளிம்பு உள்நோக்கித் திரும்பிக் காடியில் அமர்கிறது. மற்றதில் விளிம்பு திரும்புவதே இல்லை. வாய்ச்சுவர் மெல்லக் குறுகிக் குண்டை அணைக்கிறது. இரண்டாவதை மடிப்பு என்பது பொய்.

ஐயா, ‘நெரிப்பு’ என்னை அச்சுறுத்துகிறது. அளவுக்கு மீறி அழுத்தினால் கழுத்துக்குக் கீழே கூட்டின் தோள் பிதுங்கி, தோட்டா அறைக்குள் நுழையாது என்று நூல் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ‘நெரி’ என்று படிப்பவன் இன்னும் கொஞ்சம் அழுத்தத்தான் செய்வான். ‘சுருட்டுக் கவ்வு’, ‘கூம்புக் கவ்வு’ என்று வைக்கலாமா?

தமிழாசிரியர்:

கூம்பு அருமை. ‘மலர்தலும் கூம்பலும்’ என்ற வள்ளுவர் வாக்கு உங்களுக்குக் கை கொடுத்திருக்கிறது. ஆனால் கவ்வு இலக்கணத்தில் நொண்டுகிறது. கூடு கவ்வுகிறது; சரி. கருவியைப் பிடித்திருக்கும் ஆள் என்ன செய்கிறான்? ‘கவ்வச் செய்கிறான்’ என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுவீர்களா? நெரி பாருங்கள்: விளிம்பு நெரிகிறது, அவன் நெரிக்கிறான். தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் நிற்கின்றன.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலகங்சார்:

ஐயாவின் கேள்வி நியாயமானது. பெயருக்குக் ‘கவ்வு’, வினைக்கு ‘இறுக்கு’ என்று பிரித்துக்கொள்ளுங்கள், அக்கா. என் மாணவர்களுக்கு விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை வெள்ளி. கவ்வின் பக்கம் மூவர் இருக்கிறோம், அப்படியே அனுப்புகிறேன். ‘கூடுகளின் நீளம் சீராக இல்லாவிட்டால் கவ்வும் சீராக அமையாது, நீண்ட கூட்டில் மிகுதியாக இறுகும்.’ இந்த வரியை நான்கு முறை வாய்விட்டுப் படித்தேன். தடுக்கவில்லை. ஐயாவின் வினைக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ‘இறுக்கு’ வேறு வேர் என்பது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

தமிழாசிரியர்:

என்னை மூவரோடு சேர்க்காததற்கு நன்றி. சொல்லடைவில் ‘நெரிப்பு’ என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். குண்டின் பள்ளத்தைக் ‘காடி’ என்கிறீர்களே, புளித்த நீருக்கும் அதுதானே பெயர்? அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.