புதுப்பிப்பு: சனசமூக நிலையத்திற்குக் கடை விளம்பரங்கள்

கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் சனசமூக நிலையத்தின் மின்கட்டணத்தையும் வாடகையையும் அயற்கடைகளின் விளம்பரங்களைக் கொண்டே ஈடுசெய்ய முடியுமா என்று முன்னர் கேட்டிருந்தேன். வீதியை நோக்கிய மதிலில் பலகை வைப்பதற்குக் கொழும்பு மாநகர சபையின் அனுமதியும் கட்டணமும் தேவை என்பதால், முதலில் உட்சுவர்களில் தொடங்குமாறு பலர் கூறிய ஆலோசனையை ஏற்றுக்கொண்டோம்.

ஆண்டுக்கு ஒரே தொகையாகக் கேட்டபோது தயங்கிய கடைக்காரர்கள், பற்றுச்சீட்டுடன் மாதாந்தம் சிறு தொகை என்றதும் இணங்கினார்கள். பிள்ளைகள் விளையாடும் கரம் (கேரம்) பலகைக்கு நேரே மேலுள்ள சுவரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளைகளும் அவர்களை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும் நெடுநேரம் நிற்பது அங்கேதான். ஆகவே அந்த இடத்தை மட்டும் சுழற்சி முறையில் வழங்குகிறோம். நகைக்கடைக்குக் கிடைக்கும் அதே வாய்ப்பு சிறிய தையற்கடைக்கும் கிடைப்பதே நியாயம்.

மதுபான விளம்பரமொன்றுடன் வந்தவரை மறுத்துவிட்டோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மது, புகையிலை விளம்பரங்களையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. அச்சட்டம் இல்லாதிருந்தாலும் சிறுவர் விளையாடும் இடத்தில் அதை அனுமதித்திருக்க மாட்டோம்.

மின்கட்டணம் இப்போது விளம்பரப் பணத்திலேயே செலுத்தப்படுகிறது. வாடகைக்கு இன்னும் அங்கத்தவர் சந்தாவையே நம்பியிருக்கிறோம். மதிலுக்கான விண்ணப்பத்தை விரைவில் கையளிக்கவுள்ளோம்.