சம்மட்டியால் தரையை அடித்து, திரும்பும் அதிர்வலைகளைப் பதியும் சர்வேயில் மூல அலைவடிவத்தை (அடி உண்டாக்கும் அலையின் வடிவத்தை) கணிப்பது எப்படி?

கேள்வி: பென்னாகரம் பக்கம் நைஸ் பாறை (கடினமான உருமாறிய பாறை). மேலே சிதைந்த அடுக்கு சுமார் 15 மீட்டர். 8 கிலோ சம்மட்டி, இரும்புத் தகடு, 24 ஜியோபோன் (தரை அதிர்வைப் பதியும் உணரி), 2 மீட்டர் இடைவெளி. பதிவிலிருந்து அலைவடிவத்தை நீக்கி எதிரொளிப்புகளைக் கூராக்க ஸ்பைக்கிங் டீகான்வல்யூஷன் போட்டால் இரைச்சல்தான் ஏறுகிறது. ஏன்?

பதில் 1: சார், அந்த முறை அலைவடிவத்தை ஆட்டோகோரிலேஷனிலிருந்து (பதிவை அதனுடனேயே நகர்த்தி ஒப்பிடுவது) கணிக்கிறது. உங்களுடையதில் இருப்பது தரை உருளலின் (மேற்பரப்பில் ஓடும் அலையின்) வடிவம். முதலில் அதை மியூட் செய்யுங்கள் (அந்தப் பகுதியைப் பூஜ்யமாக்குங்கள்), பிறகு எல்லாத் தடங்களின் (ஒவ்வொரு ஜியோபோனின் பதிவின்) ஆட்டோகோரிலேஷனையும் சராசரி எடுங்கள். முன்வெண்மையாக்கம் (கணக்கு நிலையாக இருக்கச் சேர்க்கும் சிறு இரைச்சல் அளவு) 1 சதவீதம் வைத்துப் பாருங்கள், 0.1 போதாது. ட்ரிகரையும் (அடித்ததும் பதிவைத் தொடங்கும் சுவிட்ச்) சோதியுங்கள். அடிக்கு அடி 2.5 மில்லிசெகண்ட் தள்ளினால் 200 ஹெர்ட்ஸில் அது அரைச்சுற்று. ஸ்டாக்கில் (பல அடிகளின் பதிவைக் கூட்டும்போது) அந்த அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். தகடு மண்ணில் புதையப் புதைய அலைவடிவமும் மாறும், அதனால் ஒவ்வொரு அடியையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்.

கேள்வி கேட்டவர்: இதிலிருந்து இம்பீடன்ஸ் (அடர்த்தி × அலைவேகம்) கிடைக்குமா சார்?

பதில் 2: ஒப்பீட்டு அளவில் மட்டும். அலைவடிவத்தை இரட்டித்து எதிரொளிப்பைப் பாதியாக்கினாலும் பதிவு அதேதான். தாழ் அதிர்வெண்ணும் பதிவில் இல்லை, அதை அலைவிலகல் (பாறையின் மேற்பரப்பு வழியே ஓடி வரும் அலையின்) வேகத்திலிருந்து எடுக்க வேண்டும். மேலே 800 மீ/செ, 1.8 அடர்த்தி, கீழே 5000, 2.7 என்று கொண்டால் எதிரொளிப்புக் கெழு (திரும்பும் அலைவீச்சின் பங்கு) 0.81. ஆனால் அந்த விலகல் அலை, மேலடுக்கு வழியே நேராக வரும் அலையை முந்தும் தூரமே சுமார் 35 மீட்டர். உங்கள் கடைசி ஆறேழு ஜியோபோன்தான் அதைப் பார்க்கும். கோட்டுக்கு வெளியே 20 மீட்டர் தள்ளியும் அடியுங்கள்.

போர்வெல்லுக்காக என்றால் இதையும் கவனியுங்கள்: 100 ஹெர்ட்ஸில் பாறைக்குள் அலைநீளம் 50 மீட்டர். அரை மீட்டர் விரிசல் தனியாகத் தெரியாது.