தாத்தாவின் எம்ஜிஏ 1500: அசல் இன்ஜினா, அம்பாசடர் இன்ஜினா? எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்பாடி_பையன்:
வணக்கம். தாத்தா விட்டுப்போன எம்ஜிஏ ரோட்ஸ்டர் (எம்ஜி கம்பெனியின் பழைய திறந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று காட்பாடி வீட்டு ஷெட்டில் நிற்கிறது. ஆர்சி புக்கில் 1961, 1489 சிசி என்று இருக்கிறது. வெள்ளை நிறம், வயர் வீல், தரையில் கியர். ஒரு மெக்கானிக் "இது அம்பாசடர் இன்ஜின்" என்கிறார். இன்னொருவர் "பிளேட்டில் எம்ஜி நம்பரே இருக்கு, அசல்தான்" என்கிறார். டேகோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) ஓடவில்லை. விண்டேஜ் பதிவுக்குப் போடலாம் என்று நினைக்கிறோம். அதற்கு முன் பெயிண்ட் அடிக்க ஆள் பேசியிருக்கிறோம். எதை முதலில் பார்க்க வேண்டும்?

ராணிப்பேட்டை_பிஎம்சி:
தம்பி, பெயிண்டரை முதலில் நிறுத்துங்கள். உப்புத்தாள் பட்டால் இந்த வண்டியின் பாதி சாட்சியம் போய்விடும். கழுவக்கூட வேண்டாம். இருக்கிறபடியே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து ஆர்சியில் உள்ள ஆண்டு. 1489 சிசி எம்ஜிஏ 1955 முதல் 1959 வரைதான் வந்தது. பிறகு வந்தது 1588 சிசி, 1961-62இல் 1622 சிசி. ஆகவே உங்கள் ஆர்சியில் இருப்பது இங்கே பதிவான ஆண்டாக இருக்கலாம், இல்லையென்றால் சிசி தப்பு. இதற்குப் பதில் பானெட்டைத் திறந்தால் தெரியும் தடுப்புச்சுவரில் இருக்கிறது. அங்குள்ள தகட்டில் மூன்று எழுத்து, இரண்டு இலக்கம், ஒரு சாய்கோடு, பிறகு வண்டி எண். 1489 சிசி மாடலான 1500 என்றால் எண் 10101இலிருந்து 68850க்குள் இருக்க வேண்டும்.

முன்னால் உள்ள குறியையும் படிக்கலாம். எச் என்றால் எம்ஜி. டி என்றால் திறந்த இரண்டு இருக்கை, எம் என்றால் கூபே. மூன்றாம் எழுத்து நிறம்: ஏ கறுப்பு, கே வெளிர் சிவப்பு, ஆர் வெள்ளை. அடுத்த இலக்கம் 1 என்றால் பிரிட்டனிலேயே விற்க வலதுபக்க ஸ்டீரிங்கோடு கட்டியது, 2 என்றால் வலதுபக்க ஸ்டீரிங் ஏற்றுமதி, 3ம் 4ம் இடதுபக்க ஸ்டீரிங். கடைசி இலக்கம் பெயிண்ட் வகை. 3 என்றால் செல்லுலோஸ். தகட்டைத் தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

எஸ்யூ_கார்ப்:
இன்ஜினுக்கு வருகிறேன். நம்மூரில் இந்தக் குழப்பம் வர நியாயமான காரணம் உண்டு. 1959 முதல் அம்பாசடரில் வந்த ஓஎச்வி (வால்வு மேலே உள்ள) இன்ஜினும் இதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ‘பி’ வரிசை, இதே 1489 சிசி. போர் (சிலிண்டர் விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88.9 மி.மீ., இரண்டுக்கும் ஒன்றுதான். போல்ட் எல்லாம் யுஎன்எஃப் திரெட்டு, அதுவும் ஒன்றுதான். ஹெட்டைக் கழற்றி அளந்து ஒரு பயனும் இல்லை.

பிளாக்கின் வலதுபக்கம் டைனமோ பிராக்கெட்டுக்கு மேலே இன்ஜின் எண் தகடு இருக்கும். எம்ஜிஏ 1500க்கு அதில் 15ஜிபி அல்லது 15ஜிடி என்று வரும். ஆனால் அது ரிவெட் அடித்த தகடு. பழைய பிளாக்கிலிருந்து கழற்றி வேறு பிளாக்கில் அடிப்பது பட்டறையில் அரை மணி வேலை. ஆகவே தகட்டை வைத்து மட்டும் "அசல்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ரிவெட்டின் தலை புதிதாக இருக்கிறதா, தகட்டுக்கு அடியில் பெயிண்ட் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். 1500க்கு ஃபேக்டரி பூசியது அடர் மெரூன்.

உறுதியான அடையாளம் பிளாக்கின் இடதுபக்கம், பின்கோடியில் இருக்கிறது. எம்ஜிஏவின் டேகோமீட்டர் கேபிள் அங்கேதான் ஏறும். கேம்ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பின்முனையில் உள்ள பல் அதை ஓட்டும். அம்பாசடருக்கு டேகோமீட்டரே கிடையாது, அதனால் அந்த டிரைவும் கிடையாது. உங்கள் டேகோ ஓடவில்லை என்றதுமே எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம். கேபிள் அறுந்திருந்தால் டிரைவ் ஹவுசிங் அங்கே இருக்கும். ஹவுசிங்கே இல்லையென்றால் பிளாக் எம்ஜிஏவுடையது அல்ல.

கார்ப்பரேட்டர் ஒன்றரை இன்ச் எஸ்யூ எச்4, இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மேனிஃபோல்டோடு (கார்ப்பை இன்ஜினோடு சேர்க்கும் குழாய்) மாற்றியிருக்கிறார்கள். கியர்பாக்ஸையும் பாருங்கள். அம்பாசடர் பாக்ஸுக்கு ஸ்டீரிங் கம்பியில் கியர். அதை எம்ஜிஏவில் போட்டவர்கள் ராடு வெல்டிங் செய்து தரைக்குக் கொண்டுவருவார்கள். எம்ஜிஏவின் சொந்தப் பாக்ஸில் கியர் லீவரைத் தாங்கும் ரிமோட் ஹவுசிங் வார்ப்பாகவே இருக்கும், வெல்டிங் தடம் எதுவும் இருக்காது.

பின் ஆக்சிலைத் திறக்காமலே சோதிக்கலாம். முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கல் வையுங்கள். மற்றப் பின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் பிடிப்பதால் அதை விட்டுவிட வேண்டும், கியர் நியூட்ரல். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் டிஃபரன்ஷியல் அதைப் பாதியாக்கும். 1500இன் ரேஷியோ 4.3, ஆகவே ஷாஃப்ட் 43 சுற்று வர வேண்டும். கூடுதலாக வந்தால் கிரவுன் பினியனும் (பின் ஆக்சில் பல்சக்கரங்கள்) வேறு.

ஆற்காடு_டிங்கர்:
பாடிக்கு ஒரு காந்தம் போதும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். எம்ஜிஏவில் கதவின் வெளித்தகடு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். கதவின் நடுவில் காந்தம் ஒட்டினால் பின்னாளில் இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள். விங் இரும்பு, அங்கே ஒட்டவில்லை என்றால் உள்ளே கனமாகப் பட்டி. ரோட்ஸ்டர் கதவுக்கு வெளிக் கைப்பிடி கிடையாது, உள்ளே கயிறுதான். யாராவது கைப்பிடி வெட்டி வைத்திருந்தால் அது சேர்த்த வேலை.

துரு பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே உள்ள சில், கதவு கீல் தூணின் அடி, இருக்கைக்குப் பின்னால் பேட்டரி தொட்டில்கள். ஃபேக்டரியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் எர்த் (பிளஸ் முனை பாடியோடு சேரும்). தரைப்பலகை ப்ளைவுட்தான், தகரமாக இருந்தால் மாற்றியது. கதவு இடைவெளி மேலே ஒட்டிக் கீழே விரிந்திருந்தால், கதவை மாட்டிப் பார்க்காமலே சில்லை வெல்டிங் செய்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய மறுபடி வெட்டித்தான் ஆகவேண்டும். பெயிண்ட் செலவைவிட அது பெரிய செலவு.

காட்பாடி_பையன்:
எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். தகட்டில் எச்டிகே13, எண் நீங்கள் சொன்ன வரம்புக்குள். டேஷ்போர்டின் பின்பக்கம் சிவப்பு தெரிகிறது. காந்தம் கதவில் ஒட்டவில்லை. ஷாஃப்ட் 43 சுற்று. ஆனால் பிளாக் பின்கோடியில் டேகோ டிரைவ் இல்லை. கார்ப் ஒன்று. இன்ஜின் தகட்டில் மட்டும் 15ஜிபி.

ராணிப்பேட்டை_பிஎம்சி:
அப்படியானால் வண்டி அசல், சிவப்பாகப் பிறந்தது, பிரிட்டனில் விற்கக் கட்டியது, யாரோ பிறகு இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இன்ஜின் மட்டும் அம்பாசடர். தகடு இடம் மாறியிருக்கிறது. அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஹெரிடேஜ் சான்றிதழ் கொடுக்கிறது. வண்டி எண்ணைக் கொடுத்தால் கட்டிய தேதி, நிறம், ஃபேக்டரியில் ஏறிய இன்ஜின் எண் வரும். தகட்டு எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால் உங்கள் தகடு பழைய அசல் இன்ஜினுடையது.

2021 விண்டேஜ் விதி 50 வயது தாண்டிய வண்டிக்கு. சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது. இப்போதைய நிலையில் விண்ணப்பித்தால் இன்ஜினைக் காட்டித் தள்ளுபடி செய்ய இடமுண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவானபின் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்கு மட்டும். அதற்கு முன் ஆர்சி தாத்தா பெயரிலிருந்து மாற வேண்டும்: வட்டாட்சியர் அலுவலக வாரிசு சான்றிதழ், படிவம் 31.

இன்னொன்று. ஷெட்டிலும் பரணிலும் தேடுங்கள். அந்தக் காலத்தில் இன்ஜின் மாற்றியவர்கள் பழைய பிளாக்கை எடைக்குப் போடாமல் மூலையில் தள்ளியது உண்டு. இடதுபக்கப் பின்கோடியில் டேகோ டிரைவுள்ள பிளாக், இல்லை இரட்டை மேனிஃபோல்டு, ஏதாவது கிடைத்தால் படம் போடுங்கள்.