நோர்வேயின் மாதாந்த மின்னுற்பத்தி: அணை நீரைத் திறக்கும் முடிவு யாருடையது?

ஒஸ்லோவாசி

அனைவருக்கும் வணக்கம். நோர்வேப் புள்ளிவிவரப் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் மின்னுற்பத்தி எண்களைச் சில ஆண்டுகளுக்கு அடுக்கிவைத்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். மின்சாரத்தில் பெரும்பகுதியை அணை நீரிலிருந்து எடுக்கும் நாடு இது. மாத எண்களின் ஏற்ற இறக்கம் நமக்குப் பழகியதுதான். டிசம்பர், ஜனவரியில் ஒரு மாத உற்பத்தி 14 முதல் 16 டெராவாட் மணி வரை ஏறும். கோடையில் 10-ஐ ஒட்டி இறங்கும். நம் வீட்டு மின்பட்டியலில் வரும் அலகில் சொன்னால் ஒரு டெராவாட் மணி என்பது நூறு கோடி அலகு.

என்னை உறுத்துவது 2021. அந்த ஆண்டு மொத்த உற்பத்தி 157 டெராவாட் மணி. அதுவரை நோர்வே கண்டிராத அளவு. நிகர ஏற்றுமதி 17-ஐத் தாண்டியது. தெற்கில் மழை குறைந்த ஆண்டும் அதுவே. மழை குறைந்த ஆண்டில் உற்பத்தி கூடியது என்றால், முன்பு சேமித்த தண்ணீரை எடுத்துச் செலவழித்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அடுத்த ஆண்டே உற்பத்தி 146 ஆகச் சரிந்தது. 2020 டிசம்பரில் ஜேர்மனிக்கும் 2021 ஒக்டோபரில் பிரித்தானியாவுக்கும் தலா 1,400 மெகாவாட் கொள்ளளவில் இரண்டு கடலடிக் கேபிள்கள் ஓடத் தொடங்கியதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கிறேன். நீர்த்தேக்கங்களுக்குக் குறைந்தபட்ச நீர்மட்டத்தைச் சட்டமே விதிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

பேர்கன் மழை

ஒஸ்லோவாசி அண்ணா, உங்கள் எண்கள் சரி. ஆனால் அவற்றை நீங்கள் வாசித்த விதத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

2020 மிகுந்த மழையும் பனியும் பெய்த ஆண்டு. அதனால் 2021 பிறந்தபோது தேக்கங்களில் வழக்கத்தைவிட அதிக நீர் இருந்தது. அந்த ஜனவரியும் பெப்ரவரியும் கடுங்குளிராக இருந்தன. வீடுகளை மின்சாரத்தாலேயே சூடாக்கும் நாட்டில் அப்போது உற்பத்தி ஏறாமல் இருக்க முடியாது. நிறைந்திருந்த தேக்கத்திலிருந்து குளிர்காலத்தில் நீரை எடுத்ததைச் சூறையாடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தேக்கம் கட்டியதே அதற்காகத்தான்.

எய்ட்பியோர்ட் பக்கம் போகும்போதெல்லாம் 7-ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இருக்கும் சீசன் அணையில் இறங்கி நடப்பேன். 81 மீற்றர் உயரமும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமும் கொண்ட கல்லணை அது. மே மாத நடுவில் ஒருமுறை மேலிருந்து பார்த்தபோது நீர் எங்கோ அடியில் கிடந்தது. கரை முழுவதும் புல் பூண்டற்ற சாம்பல் நிறக் கற்கள். நீர்மட்டம் இறங்க இறங்க அதன்மேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து, பெரிய பெரிய பலகைகளாகச் சரிவில் சாய்ந்து கிடந்தது. முதன்முறை பார்ப்பவர் ஏதோ அழிவு நடந்துவிட்டது என்றே எண்ணுவார். அதே இடத்தைச் செப்டெம்பரில் பார்த்தேன். நீர் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஏரியின் மட்டம் அறுபது மீற்றருக்கு மேல் ஏறி இறங்க அனுமதி உண்டு. ஏப்ரல் இறுதிக்குள் தேக்கத்தில் இடம் ஒழியாவிட்டால் மே, ஜூனில் ஹர்டாங்கர் மேட்டுநிலப் பனி உருகி வரும் வெள்ளம் மின்சாரம் ஆக்கும் சுழலியைத் தொடாமலே வழிந்து கடலுக்குப் போய்விடும். உங்கள் குறைந்தபட்ச மட்டம் எந்த மாதத்துக்கு உரியது என்று சொல்லாதவரை அதைப் பற்றி என்னால் கருத்துச் சொல்ல இயலாது.

கேபிள்களையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள். ஆனால் இங்கே மின்விலை உயர்ந்ததற்குக் காரணம் ஐரோப்பாவில் மின்னுற்பத்திக்கு எரிக்கும் எரிவாயு. 2021 இலையுதிர்காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு ரஷ்ய எரிவாயு வருவது குறைந்தது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீது போர் தொடங்கியது. மாதாந்த உற்பத்தி எண்ணில் அந்தக் காரணத்தைத் தேடினால் கிடைக்காது.

ஒஸ்லோவாசி

மாதத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன். வசந்தத்தில் தேக்கம் வற்றுவது இயல்பு என்பதை நான் மறுக்கவில்லை. நான் பேசுவது ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரையான காலம், அதாவது தேக்கம் நிறைந்திருக்க வேண்டிய காலம். 2022 ஓகஸ்ட் தொடக்கத்தில் தென்மேற்குப் பகுதித் தேக்கங்கள் 50 சதவீதத்தை ஒட்டியே நின்றன. அந்தப் பருவத்தில் அங்கே வழக்கமாக முக்கால் பங்காவது நிறைந்திருக்கும். நாட்டின் மிகப் பெரிய தேக்கமான புளோ ஏரி அந்தப் பகுதியைச் சேர்ந்தது. அதன் நீரை நம்பி இயங்கும், 1,240 மெகாவாட் கொள்ளளவுள்ள கிவில்டால் நிலையமும் அங்கேதான். ஜேர்மனி, பிரித்தானியா, நெதர்லாந்து, டென்மார்க் என நான்கு நாடுகளுக்கும் கடலடிக் கேபிள்கள் புறப்படுவது அதே பகுதியிலிருந்து என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதம் தெற்கில் மின்சாரத்தின் சராசரி விலை அலகுக்கு 3 குரோனரைத் தாண்டியது. ஒரு நோர்வே வீடு ஆண்டுக்குச் சராசரியாக 16,000 அலகு செலவிடுகிறது. குளிர்காலத்தில் நான் இரவு எழுந்து, பிள்ளைகள் தூங்கும் அறையைத் தவிர மற்ற அறைகளின் ஹீற்றர்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் நீர் கோத்திருக்கும். உதவித்தொகை வந்தது உண்மைதான்: 2021 டிசம்பரில் தொடங்கி, பின்னர் அலகுக்கு 70 ஓரேக்கு (நூறு ஓரே ஒரு குரோனர்) மேற்பட்ட விலையில் 90 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் அது வரிப்பணம். எங்கள் பணத்தை எடுத்து எங்களுக்கே தந்தார்கள்.

இந்த நாட்டின் நீர்மின் கொள்ளளவில் சுமார் 90 சதவீதம் அரசுக்கும் மாவட்டங்களுக்கும் நகராட்சிகளுக்கும் சொந்தமானது. அருவி தனியார் கையில் நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடாது என்று 1917-லேயே சட்டம் இயற்றிய நாடு இது. மக்களுடைய தண்ணீரை எந்த மாதம் திறப்பது என்று முடிவெடுக்கும்போது அந்த மக்களின் குளிர்காலத்தை முதலில் எண்ணுங்கள் என்று கேட்பது மிகையா?

வடமுனை

நான் ஹமர்பெஸ்ற்றில் இருக்கிறேன். மீன் தொழிற்சாலை வேலைக்காக எண்பதுகளில் பின்மார்க் வந்த தமிழர்களில் ஒருவன். இருவரும் 'நோர்வேயின் உற்பத்தி' என்று ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதால் குறுக்கிடுகிறேன்.

மின்சந்தையில் நோர்வே ஐந்து விலைப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. தெற்கில் 3 குரோனர் போன அதே ஓகஸ்டில் எங்கள் வடபகுதி விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் அணைகளில் நீர் இருந்தது. அதைத் தெற்கே கொண்டுவரப் போதுமான உயரழுத்தப் பாதை நடுவில் இல்லை. வடக்கில் வழியும் நீரையும் தெற்கில் வற்றும் நீரையும் கூட்டி எழுதிய மாத மொத்தத்திலிருந்து ஒஸ்லோ வீட்டுக் கட்டணத்தை விளங்கிக்கொள்ள முடியாது. ஏற்றுமதிக் கேபிளைப் பற்றிப் பத்து பேர் பேசினால் உள்நாட்டுப் பாதையைப் பற்றி ஒருவர்கூடப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே மெல்கெயா தீவில் இருக்கும் எரிவாயுத் திரவமாக்கல் ஆலையை மின்சாரத்தில் இயக்க 2023-இல் அரசு ஒப்புதல் தந்தது. அதற்கான மின்பாதையும் புதிய உற்பத்தியும் இங்குள்ள பூர்வகுடிகளான சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலங்களைத் தொடுகின்றன. மலிவான மின்சாரம் இங்கே எத்தனை நாள் நிலைக்கும் என்ற கவலை எங்களுக்கும் உண்டு. தெற்கின் பங்கீட்டைத் திருத்தப் புறப்படுபவர்கள் வடக்கை ஒரு கிணறாக மட்டும் பார்க்க வேண்டாம்.

பேர்கன் மழை

வடமுனை ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பகுதிவாரியாகத்தான் பேச வேண்டும்.

ஒஸ்லோவாசி அண்ணாவுக்கு 1996-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். 1995-இல் சுமார் 123 டெராவாட் மணி உற்பத்தி செய்த நாடு, அடுத்த ஆண்டு வறட்சியில் சுமார் 105-க்கு இறங்கியது. மின்சாரத்தை இறக்குமதி செய்துதான் ஈடுகட்டியது. மிக வறண்ட ஆண்டுக்கும் மிக ஈரமான ஆண்டுக்கும் இடையே நீர்வரத்து ஏறத்தாழ 60 டெராவாட் மணி அளவுக்கு வேறுபடலாம். நாட்டின் எல்லாத் தேக்கங்களும் நிரம்பினாலே 87 டெராவாட் மணிதான். இவ்வளவு ஊசலாடும் ஒரே மூலத்தை நம்பி வாழ்பவர்கள் அண்டை நாடுகளோடு கைகோக்காமல் இருக்க முடியாது. டென்மார்க்குக்கு முதல் கேபிள் 1970-களிலேயே போடப்பட்டது; அன்று அதை யாரும் கொள்ளை என்று சொல்லவில்லை.

நிகர எண்ணில் தெரியாத ஒன்றும் உண்டு. டென்மார்க்கில் இரவில் பலத்த காற்று வீசினால் அங்கே மின்சாரம் மலிந்துவிடும். அப்போது நாம் சுழலிகளை மெதுவாக்கி அங்கிருந்து வாங்குகிறோம். நம் தண்ணீர் அணையிலேயே இருக்கிறது. மறுநாள் மாலை அதே தண்ணீரை நல்ல விலைக்கு விற்கிறோம். ஒரு மாதத்தில் இப்படி இருபது முறை நடந்தாலும் மாத இறுதியில் 'நிகர ஏற்றுமதி' என்று ஒற்றை எண்தான் நம் கண்ணில் படும்.

2022-இலும் உற்பத்தியாளர்கள் கண்மூடி விற்றுக்கொண்டிருக்கவில்லை. அந்த ஆண்டு உற்பத்தி 146 ஆகக் குறைந்ததை நீங்கள் விளைவு என்கிறீர்கள். நான் அதை நீரைப் பிடித்துவைத்ததன் அடையாளமாகவும் பார்க்கிறேன். இன்று திறக்கும் ஒரு கன மீற்றர் நீர் நாளைக்கு என்ன விலை பெறும் என்று கணித்து, அதற்கு 'நீர்மதிப்பு' என்று பெயரிட்டு, அதன்படிதான் அவர்கள் சுழலியை ஓட்டுகிறார்கள். வறட்சி தெரியத் தொடங்கியதும் அந்த மதிப்பு ஏறும், உற்பத்தி குறையும்.

ஒஸ்லோவாசி

1996 நல்ல எடுத்துக்காட்டு. கேபிள்களையே அறுத்தெறிய வேண்டும் என்று நான் எழுதியதாகத் தோன்றியிருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன். டென்மார்க்குக்குப் போகும் நான்கு கேபிள்களில் மிகப் பழைய இரண்டின் ஆயுள் முடியும் கட்டத்தில் இருக்கிறது, அவற்றைப் புதுப்பிக்கக் கூடாது என்றுதான் சொல்வேன்.

நீர்மதிப்பு விடயத்தில்தான் நம் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அந்தக் கணக்கில் நுழைவது நாளைய விலை. தேக்கம் காலியானால் பணத்தை இழப்பது நிறுவனம், குளிரில் இருப்பது குடும்பம். இரண்டாவது இழப்பு அந்தக் கணக்கில் எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது? நாளை ஜேர்மனியில் விலை ஏறும் என்று கணித்தால் நீரைப் பிடித்துவைப்பார்கள், இறங்கும் என்று கணித்தால் திறந்துவிடுவார்கள். இரண்டும் வணிகமாகச் சரி. ஆனால் வழங்கல் பாதுகாப்பு என்பது அந்தக் கணிப்பின் துணைவிளைவாகக் கிடைக்க வேண்டியது அல்ல.

2025 ஒக்டோபரில் வந்த 'நோர்வே விலை'த் திட்டமும் இதைத் தீர்க்கவில்லை. விற்பனை வரி சேர்க்காமல் அலகுக்கு 40 ஓரே என்று நிலையான விலையைத் தெரிவுசெய்யலாம்; மாதம் 5,000 அலகு வரை அது பொருந்தும். என் வீட்டுக்கு அது நிம்மதி, நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அணையில் எவ்வளவு நீர் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதோடு, வறண்ட ஆண்டில் சிக்கனமாக இருக்கச் சொல்லும் விலை என் வீட்டை இனி எட்டாது.

கலைமான் வழி

துரொண்ட்ஹைமில் இருந்து எழுதுகிறேன். காற்றாலை பற்றி யாரும் பேசவில்லையே. நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இன்று காற்றிலிருந்து வருகிறது. கோடையைவிடக் குளிர்காலத்தில் காற்று அதிகம் என்பதால் மாதக் கணக்குக்கு அது மிகப் பொருத்தமான துணை. இதைப் படித்துவிட்டு 'இன்னும் காற்றாலை கட்டுங்கள்' என்று முடிவுகட்டுபவர்கள் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள போசென் தீபகற்பத்தை மறக்க வேண்டாம். அங்குள்ள இரண்டு காற்றாலைப் பூங்காக்களின் உரிமம் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, அது செல்லாது என்று 2021 ஒக்டோபர் 11-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. 2023-இலும் 2024-இலும்தான் உடன்பாடுகள் கையெழுத்தாயின. அந்த மாதங்களின் உற்பத்தி எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதில் ஒரு பகுதி செல்லாத உரிமத்தில் வந்தது என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

பேர்கன் மழை

அக்கா சொன்னது நியாயம்.

அண்ணாவின் விதிக்குத் திரும்புகிறேன். ஒக்டோபர் முதல் நாளில் தென்மேற்கில் 70 சதவீதம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வறண்ட கோடையில் அந்த மட்டத்தை எட்ட ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் உற்பத்தியை மேலும் குறைக்க வேண்டும். அந்த இரண்டு மாதங்களின் விலை அதனால் இன்னும் ஏறும். அதன்பின் இங்கே மேற்குக் கரையில் வழக்கம்போல் ஒக்டோபர் மழை கொட்டினால், இடமில்லாத தேக்கத்திலிருந்து நீர் வீணாக வழியும். அந்த இரண்டு செலவையும் யார் தலையில் வைப்பீர்கள்?

ஒஸ்லோவாசி

வீட்டுப் பயனாளர் தலையில் ஒரு பங்கு விழும், ஒப்புக்கொள்கிறேன். வருமுன் காக்கும் காப்புறுதிக்குக் கட்டணம் உண்டு. அதை நான் செலுத்தத் தயார். செப்டெம்பரில் சில நூறு குரோனர் கூடுதலாகக் கொடுப்பதும், பெப்ரவரியில் நீர் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுவதும் ஒன்றல்ல. வழிந்தோடும் நீரைப் பற்றி நீங்கள் சொன்னது எடைமிக்கது. பல ஆண்டு நீரைத் தாங்கும் புளோ போன்ற பெரிய தேக்கங்களுக்கு மட்டும் விதியைப் பொருத்தி, விரைவில் நிரம்பும் சிறிய மேற்குக் கரைத் தேக்கங்களை விட்டுவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நீர்வளத் திணைக்களம் புதன்கிழமைகளில் பகுதிவாரியான தேக்க அளவை வெளியிடுகிறது. இந்த வாரத்துத் தென்மேற்கு எண்ணையும் அதே வாரத்துக்குரிய நீண்டகால இடைநிலை எண்ணையும் இங்கே பதிகிறேன். பெரிய தேக்கங்களுக்கு மட்டும் என்றால் எத்தனை சதவீதம் பொருந்தும் என்று நீங்களும் கணக்கிட்டு எழுதுங்கள்.