அங்கைலோசரின் வால்குமிழ் யாரை அடிக்க? டைரனோசரையா, சக அங்கைலோசரையா?

கற்படிவன்:
கவசம் போர்த்திய தாவர உண்ணி டைனோசரான அங்கைலோசரஸ், நுனியில் எலும்புக் குமிழ் கொண்ட வாலை வீசி, டைரனோசர் வகை வேட்டையாடியான டி-ரெக்ஸின் காலை முறிக்கும் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். 2022-இல் தொல்லுயிர் ஆய்வாளர்கள் விக்டோரியா ஆர்பர், லிண்ட்சே ஸானோ, டேவிட் எவன்ஸ் மூவரும் 'ஸூல்' என்ற அங்கைலோசரின் பக்கவாட்டுக் கவசத்தில் ஆறிப்போன காயங்களைக் காட்டினார்கள். அன்றிலிருந்து, அந்த வால் சொந்த இனத்தோடு மோதவே உருவானது என்பது முடிந்துபோன விஷயமாகப் பேசப்படுகிறது. எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, இது ஒரே ஒரு விலங்கு. இரண்டாவது, ஆறிய காயம் பிழைத்த விலங்கிடம்தான் இருக்கும். டைரனோசரிடம் மாட்டியது பெரும்பாலும் இரையாகிப் போயிருக்கும், ஆறிய தழும்பு எங்கிருந்து வரும்? மூன்றாவது, இதே ஆர்பர் 2009-இல் சி.டி. ஸ்கேன் வைத்துக் கணக்கிட்டு, பெரிய குமிழ்களால் எலும்பை உடைக்க முடியும் என்று காட்டினார். எலும்பை உடைக்கும் ஆயுதத்தைச் சுமந்த விலங்கு, வேட்டையாடி வரும்போது அதைச் சும்மா வைத்திருந்ததா?

நார்த்திசு:
ஸூலின் காயங்கள் எங்கே இருக்கின்றன என்பதை விட்டுவிட்டீர்கள். அதுதான் முழு வாதமும்.

ஸூல் குரூரிவாஸ்டேட்டர் அமெரிக்காவின் மொன்டானாவில், ஜூடித் ரிவர் பாறையடுக்கில் கிடைத்தது. வயது ஏறத்தாழ 7.6 கோடி ஆண்டுகள். இப்போது கனடாவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலை, வால், முதுகுக் கவசம் எல்லாம் இடம் மாறாமல், சில இடங்களில் எலும்பைப் போர்த்திய கெரட்டின் (நகத்தின் பொருள்) உறையின் எச்சத்தோடு கிடைத்தது. அதனால்தான் எந்த முள் எந்த இடத்தில் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. முனை இழந்து மழுங்கி ஆறிய முட்கள் உடலின் இரு பக்கங்களிலும், இடுப்பை ஒட்டிய பகுதியில் குவிந்திருக்கின்றன.

பிழைத்தவைதான் கண்ணில் படும் என்பது நியாயமான எச்சரிக்கை. ஆனால் அது காயங்களின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர, இடுப்போரத்தில் மட்டும் பொறுக்கி வைக்காது. உயரமான டைரனோசர் மேலிருந்து கடித்திருந்தால் கழுத்திலும் நடுமுதுகிலும் தடம் எதிர்பார்க்கலாம். தரைக்குச் சற்று மேலே பக்கவாட்டில் வீசப்படும் வால், எதிரே நிற்கும் இன்னொரு அங்கைலோசரின் விலாவில் போய் விழும். காயங்கள் இருப்பதும் அங்கேதான்.

குறுக்குவெட்டு:
இருவரும் 'காயம்' என்ற சொல்லை எளிதாகப் புழங்குகிறீர்கள். தோலுக்குள் வளரும் கவச எலும்பான தோலெலும்பில் முனை போயிருந்தால் அதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்: உயிரோடு இருந்தபோது பட்ட அடி, இறந்தபின் மண் அழுத்தம், அரிப்பு, கடைசியாக ஆய்வகத்தில் பாறையைச் சுரண்டிய கருவி.

முதலில் உடைந்த விளிம்பைக் கைவில்லையில் பாருங்கள். ஆறிய எலும்பில் விளிம்பு உருண்டு, மேற்பரப்பு மூடியிருக்கும். இறந்தபின் உடைந்ததில் விளிம்பு கூராக இருக்கும், உள்ளே பஞ்சுபோன்ற எலும்பின் துளைகள் திறந்து கிடக்கும், பெரும்பாலும் அவற்றில் மண்ணோ கனிமமோ நிறைந்திருக்கும். கருவி பட்ட இடம் வெளிறிய நிறத்தில் புதிதாகத் தெரியும். அடுத்து, அதே வரிசையின் எதிர்ப்பக்க முள்ளோடு ஒப்பிடுங்கள். கவசம் இடவலம் ஜோடியாக அமைவதால், ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் கவனிக்க வேண்டும். இரு பக்கமும் ஒரேபோல் மழுங்கியிருந்தால் அது அந்த இனத்தின் இயல்பான வடிவமாகவே இருக்கலாம். இதில் வழுக்குபவர்கள் நிறையப் பேர். கடைசியாக உறை. உறை மழுங்கிய முனையையும் சுற்றி வளர்ந்திருந்தால், அந்த அடிக்குப் பிறகும் விலங்கு வாழ்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஸூலில் எலும்பும் உறையும் சேர்ந்தே ஆறியிருக்கின்றன. காயம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. யார் அடித்தது என்பது வேறு கேள்வி.

கற்படிவன்:
சரி, காயம் என்பதை ஏற்கிறேன். ஆனால் நார்த்திசு சொன்ன உயரக் கணக்கு எனக்கும் சாதகமாகத்தான் இருக்கிறது. தரைக்குச் சற்று மேலே வீசப்படும் குமிழ் சக அங்கைலோசரின் விலாவைத் தொடும் என்றால், பெரிய டைரனோசரின் பாதத்தையும் கணைக்காலையும் தொடும். அந்த உயரத்தில் அதற்கு இருப்பது காலெலும்பும் கொஞ்சம் தோலும்தான்.

இது ஏன் முக்கியம் என்று பாருங்கள். அளந்த எண்கள் அல்ல, கணக்கு புரிய மட்டும்: 20 கிலோ எடை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால் ஆற்றல் 1,000 ஜூல். அதே அடி தசையில் விழுந்து 10 செ.மீ. அமுங்கி நின்றால் சராசரி விசை 10,000 நியூட்டன். தசை இல்லாத கணைக்காலில் 2 செ.மீ.யில் நின்றால் 50,000 நியூட்டன். ஒரே வீச்சு, ஐந்து மடங்கு விசை. கவசம் போர்த்திய விலாவைவிட வெறும் கணைக்கால்தான் இந்த ஆயுதத்துக்குப் பொருத்தமான இலக்கு. குரூரிவாஸ்டேட்டர் என்ற பெயரின் பொருளே கணைக்காலைச் சிதைப்பது என்பதுதான். 2017-இல் பெயரிட்டவர்களும் ஆர்பரும் எவன்ஸும்தான்.

குறுக்குவெட்டு:
எடை என்று வந்ததால் ஒரு சிறு குறிப்பு. குமிழின் தொல்லெச்சத்தைத் தராசில் வைத்து, அந்த எண்ணை விசைக் கணக்கில் போடுவது அடிக்கடி நடக்கிற தவறு. குமிழின் உட்பகுதி துளை மிகுந்த எலும்பு. உயிரோடு இருந்தபோது அந்தத் துளைகளில் திசு இருந்தது, இப்போது கனிமம் இருக்கிறது. கல் உயிர் எலும்பைவிடக் கனமானது, எனவே விசை ஊதிப் பெருகும். ஸ்கேனில் கன அளவை எடுத்து, எலும்பின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். கெரட்டின் உறையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நார்த்திசு:
கணைக்காலை அடித்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கையில் தடி இருந்தால் நாயையும் விரட்டலாம், அதற்காகத் தடி நாய்க்காகவே செய்தது என்று ஆகிவிடாது. எந்தத் தேவை அந்த உறுப்பைப் பெரிதாக்கியது என்பதுதான் கேள்வி.

நீங்கள் மேற்கோள் காட்டிய அதே 2009 ஆய்வு, சிறிய, நடுத்தரக் குமிழ்களால் எலும்பை உடைக்க முடியாது என்றும் சொல்கிறது. அந்தப் பாதி உங்கள் பதிவில் இல்லை. வேட்டையாடிக்கு எதிரான கருவி என்றால் அது குட்டிக்குத்தான் முதலில் வேண்டும். பினகோசரஸ் என்ற அங்கைலோசரின் குட்டிகள் கூட்டமாகவே கிடைத்திருக்கின்றன. கழுத்து வளையம் தவிர அவற்றில் சொல்லிக்கொள்ளும்படி கவசம் இல்லை, குமிழும் இல்லை. வளர்ந்த பிறகு பெரிதாகும் உறுப்பு என்றால் மானின் கொம்புதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று, அங்கைலோசர்களின் உறவுக் கிளையான நோடோசர்கள். வால்குமிழே கிடையாது. ஆனாலும் டைரனோசர்களோடு அதே நிலத்தில் கிரீட்டேசியஸ் முடியும்வரை வாழ்ந்தன. அவற்றில் சிலவற்றுக்குத் தோளில் பெரிய முட்கள். போரியலோபெல்ட்டா என்ற நோடோசரின் கவசத்தை 2017-இல் அளந்த கேலப் பிரவுன், தோள் முள் மற்றத் தகடுகளின் போக்கோடு ஒத்துப்போகாமல் விகிதம் மீறி நீண்டிருப்பதைக் காட்டினார். உறை எலும்பை இன்னும் நீட்டியிருந்தது. ஒரு கிளை தோளிலும் இன்னொரு கிளை வாலிலும் போட்டிக் கருவியை வளர்த்தன என்றே நான் வாசிக்கிறேன்.

கற்படிவன்:
குட்டி வாதம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் குட்டிக்குக் குமிழ் மட்டுமா இல்லை? முதுகுத் தகடுகளும் இல்லை. அதே தர்க்கத்தில் முதுகுக் கவசமும் வேட்டையாடிக்கு எதிரானது அல்ல என்று சொல்ல வேண்டிவரும். சொல்வீர்களா?

வாலின் வரலாற்றையும் பாருங்கள். இந்த ஆயுதத்தில் இரண்டு பகுதிகள்: பின்வால் முள்ளெலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று V வடிவில் கொளுவிக்கொண்டு விறைத்த கைப்பிடி, அதன் நுனியில் தோலெலும்புகள் பருத்துச் சேர்ந்த குமிழ். ஆர்பரும் ஃபிலிப் கர்ரியும் 2015-இல் காட்டியபடி கைப்பிடி முதலில் வந்தது, குமிழ் பிறகு. மொராக்கோவில் கிடைத்த ஸ்பைகோமெல்லஸ் என்ற அங்கைலோசர் ஏறத்தாழ 16.5 கோடி ஆண்டுகள் பழையது. 2025-இல் வெளியான ஆய்வில் அதற்கும் கைப்பிடி போன்ற வால் எலும்புகள் இருந்தன. சிலியில் கிடைத்த ஸ்டெகௌரோஸ் என்ற உறவினத்தில் குமிழே இல்லை, ஏழு ஜோடித் தட்டைத் தகடுகள் சேர்ந்து பெரணி இலைபோல விரிந்த வால். இத்தனை வடிவங்களுக்கும் ஒரே தேவையைக் காரணம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நார்த்திசு:
முதுகுக் கவசம் பற்றிய கேள்வி நியாயம். அதற்கு நேர் பதில் என்னிடம் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். குட்டி வாதத்தை மட்டும் வைத்து நிற்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பைகோமெல்லஸ் ஆனால் என் பக்கம். கழுத்து வளையத்திலிருந்து 87 செ.மீ. நீள முட்கள்! விலா எலும்போடேயே ஒட்டிப் பிறந்த முட்கள்! வெறும் தற்காப்புக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. பெரிய டைரனோசர்கள் தோன்றப் பல கோடி ஆண்டுகள் இருக்கும்போதே இந்தக் குடும்பம் காட்சிக் கருவிகளில் இவ்வளவு செலவிட்டிருக்கிறது.

கற்படிவன்:
டைரனோசர் இல்லை என்றால் வேட்டையாடியே இல்லை என்று ஆகாது. ஜுராசிக்கில் வேறு பெரிய தெரோபோடுகள் (இரு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர்கள்) இருந்தன. காட்சிக் கருவி என்பதை முட்களுக்கு ஏற்கிறேன், விறைத்த வாலுக்கு ஏற்கவில்லை. காட்ட மட்டும் என்றால் விறைக்க வேண்டாம். அடிக்கத்தான் விறைக்க வேண்டும்.

என் நிலையைக் குறுக்கிக்கொள்கிறேன்: ஸூலை அடித்தது இன்னொரு ஸூல் என்பதே இருப்பதில் சிறந்த விளக்கம். இதை வால்குமிழ் கொண்ட எல்லா அங்கைலோசர்களுக்கும் நீட்ட இன்னும் மாதிரிகள் வேண்டும்.

குறுக்குவெட்டு:
மாதிரிகள் சேர்வதற்குத் தடை எங்கே என்றால், அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடக்கும் தனித் தோலெலும்புகள் இந்தக் கேள்விக்கு உதவாது. 'முனை உடைந்தது' என்ற சீட்டோடு இருக்கும் துண்டு இடுப்பிலிருந்தா தோளிலிருந்தா என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. இடம் மாறாத உடல் வேண்டும்.

அங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2018-இல் ஜோர்டன் மேலனும் குழுவினரும் ஆல்பர்ட்டாவின் அங்கைலோசர்களைக் கணக்கெடுத்தபோது 36-இல் 26 மல்லாந்து கிடந்தன. செத்து ஊதி, நீரில் மிதந்து கவிழ்ந்தவை. போரியலோபெல்ட்டாவும் கடலடிச் சேற்றில் மல்லாந்தே புதைந்தது. முதுகு சேற்றில் பதிந்துவிட்டால் கவசம் கலையாமல் இருக்க வழி அதிகம். எனவே மல்லாந்த எலும்புக்கூடு கிடைத்தால் வயிற்றுப்பக்கம் திறந்ததும் தகடுகளைக் கழற்றத் தொடங்கக்கூடாது. பாறைக்கட்டியோடு பிளாஸ்டர் உறையிட்டு எடுத்து, ஆய்வகத்தில் திருப்பி, ஒவ்வொரு முள்ளுக்கும் வரிசை எண், இடமா வலமா, இடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் குறித்த பிறகே சுரண்டும் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். முனை இல்லாத முள்ளைப் பசையும் பூச்சும் வைத்து 'முழுமை' ஆக்கிவிட்டால், நீங்கள் இருவரும் வாதிடும் சான்று அங்கேயே அழிந்தது.