பழைய பில்டரின் ரப்பர் வளையம்

சேர்விஸ் செய்து மூன்றாம் நாள் எங்கள் கார் எஞ்சின் அடிபட்டுப் போனது. கராஜின் பெயரை எழுத மாட்டேன். காசு விஷயம் கதைத்து முடிந்துவிட்டது, கராஜ் முதலாளியும் யாழ்ப்பாணத்தில் தொழில் செய்து பிழைக்கிற மனிதர். ஆனால் இதே நிலையில் நிற்கிற இன்னொருவருக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய டொயோட்டா விட்ஸ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் திரும்பத் திறக்கும்வரை பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். இதை விற்றுவிட்டு வேறொன்று எடுக்க எங்களுக்கு வழியில்லை. அதனால் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருதடவை எஞ்சின் ஒயிலும் அதை வடிக்கிற பில்டரும் தவறாமல் மாற்றுவேன். அன்றும் அந்த வேலைதான். முதலாளி வேறொரு காரின் கியர்பெட்டியோடு நின்றார். வேலை பழகுகிற பெடியன் ஒருவன் பில்டரைக் கழற்றிப் புதியதைப் பூட்டினான். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு வெளிக்கிட்டோம். கொடிகாமம் தாண்டிப் பளைத் தென்னந்தோட்டப் பக்கம் போகும்போது சிவப்பு ஒயில் லைட் எரிந்தது. நல்ல வெயில். அம்மாவை ஒரு நிழலில் இறக்கலாம் என்று அரைக் கிலோமீற்றர் ஓட்டிவிட்டேன். அதற்குள் எஞ்சின் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த லைட் எரிந்தால் எஞ்சினுக்குள் ஒயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எரிந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் ஒயில் கோடு, காரின் அடியில் ஒரு குட்டை.

கராஜ் முதலாளிக்குப் போன் எடுத்தேன். “தம்பி, ஒண்டும் கழட்டாதேங்கோ, அப்பிடியே கட்டி இழுத்துக்கொண்டு வாங்கோ” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் அங்கே போய்க் கழற்றினால் என்ன இருந்தது என்று பிறகு யார் சொல்வது? பளையில் ஒரு மெக்கானிக் அண்ணையைக் கூட்டிவந்து, எங்கள் கண் முன்னாலேயே பில்டரைக் கழற்றச் சொன்னேன். நம்பர் தகடு, ஓடிய கிலோமீற்றர், பில்டர் எல்லாம் தெரியப் போனில் வீடியோ எடுத்தேன்.

புது பில்டரில், ஒயில் ஒழுகாமல் பிடிக்கிற அதற்குரிய ரப்பர் வளையம் இருந்தது. எஞ்சின் பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய பில்டரின் வளையம்! தட்டையாகி, கல்லுப்போல் இறுகி, எஞ்சினின் நிறத்துக்கே வந்துவிட்டது. அண்ணை ஸ்க்ரூட்ரைவர் நுனியால் கிளப்பித்தான் எடுத்தார். “பழசைக் கழட்டேக்க இது எஞ்சினோட நிண்டிட்டுது. பெடியன் துடைச்சுப் பாக்காமல் மேலால பூட்டிப்போட்டான்” என்றார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் இருந்தால் முதலில் பிடிப்பதுபோல இருக்குமாம். அழுத்தம் ஏறி இறங்க ஒன்று வழுகிப் பிதுங்கும். பிறகு மூன்று லீற்றர் சொச்சம் ஒயிலும் போக அதிக நேரம் தேவையில்லை. இரண்டு வளையங்களையும் ஒரு பையில் போட்டுக் கட்டினேன். அத்தான் பிக்கப்போடு வந்து காரை இழுத்து வந்தார்.

முதலாளி முதலில் “கல்லு அடிச்சிருக்கும்” என்றார். பிறகு “பில்டர் கொம்பனிப் பிழை” என்றார். சுவரில் ‘வாகனங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று எழுதியிருந்ததையும் காட்டினார். நான் சத்தம் போடவில்லை. பையை மேசையில் வைத்து வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் “ஒயில் சும்மா மாத்தித் தாறன்” என்றார். பெயாரிங் போன எஞ்சினுக்குப் புது ஒயில் ஊற்றி என்ன செய்வது?

வேறொரு கராஜில் எஞ்சினைக் கழற்றிக் காட்டி, என்ன சேதம், எதனால் என்று கடிதத் தாளில் எழுதி ஒப்பமிட்டு வாங்கினேன். செலவு இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. சுவரில் எழுதிவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லாமல் போய்விடும் என்று நான் நம்பவில்லை. அந்த அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், சேவை செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். முறைப்பாட்டை எழுதி முடித்து, கொடுக்க முன்னம் ஒரு பிரதியை முதலாளியிடம் கொண்டுபோனேன்.

வாசித்துவிட்டு, “லைட் எரிஞ்ச பிறகும் ஓட்டினது நீங்கள்தானே தம்பி?” என்று கேட்டார். அது உண்மை, மறுக்க முடியவில்லை. கடைசியில் எழுபதாயிரம் நான் போட்டேன், மிச்சம் அவர். எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வைத்தோம். பெடியனுக்கு ஒன்றும் பேச வேண்டாம் என்றும் சொன்னேன். பழக வந்த பிள்ளை செய்கிற வேலையைப் பார்க்க வேண்டியது முதலாளி.

*

சுன்னாகத்திலிருந்து ஒருவர்:

எனக்கு ரயர் மாற்றிய இடத்தில் நடந்தது. நட்டுகளைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டார்கள். மருதனார்மடம் தாண்ட ஸ்ரியறிங் உதறத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால் இரண்டு நட்டு இல்லை, ஒரு போல்ட் முறிந்திருந்தது, ரிம்மின் துளையும் தேய்ந்துவிட்டது. அவர்கள் ஒரு சொல்லும் மறுத்துக் கதைக்கவில்லை. வந்து பார்த்தார்கள், போல்டும் ரிம்மும் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் போகிறேன். ரயர் கழற்றினால் ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டுகளைத் திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாருங்கள்.

*

நல்லூரிலிருந்து ஒரு அக்கா:

நான் பில் வாங்கவில்லை. தெரிந்த ஆள், கேட்டால் நம்பிக்கையில்லை என்று நினைப்பாரோ என்று கூச்சப்பட்டேன். ஹோர்ன் பூட்டும்போது பியூஸ் இல்லாமல் நேராக வயரை இழுத்துவிட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றிவரும்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. பிள்ளையை இழுத்து இறக்கிய அந்த நிமிடம் இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது. போய்க் கேட்டால், “அந்த வேலை நான் செய்யேல்லை அக்கா” என்கிறார். என்னிடம் காட்ட ஒரு துண்டும் இல்லை. வயரிங் முழுக்க என் காசில்தான் மாற்றினேன்.

*

கராஜ் வைத்திருக்கும் ஒருவர், சாவகச்சேரி:

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலை தெரிந்த பெடியள் நிறையப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள், புதியவர்களைப் பழக்கித்தான் எடுக்கிறோம். ஆட்கள் மலிவான சாமானைத் தாங்களே வாங்கிவந்து பூட்டச் சொல்வார்கள், உடைந்தால் எங்களிடம் வருவார்கள். அதனால் ‘சாமான் வாடிக்கையாளர் தந்தது’ என்று பில்லில் எழுதுகிறேன். ஆனால் பூட்டிய கைப்பிழை என்றால் அது என்னுடையது. பழைய வளையத்தைப் பார்க்காமல் பில்டர் பூட்டுவது கைப்பிழை. இரண்டு தடவை என் காசில் செய்து கொடுத்திருக்கிறேன். ஒருதடவை அந்த மாத வாடகையே போனது.

*

முதலில் எழுதியவர்:

அக்கா, அவருடைய போனுக்குக் காசு அனுப்பியதோ, செய்தி போட்டதோ ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். திகதியோடு ஒரு செய்தி இருந்தாலும் உதவும். மூன்று மாதம் ஆகாவிட்டால் உடனே எழுதிக் கொடுங்கள்.

சாவகச்சேரி அண்ணைக்கு நன்றி. நான் இப்போது பில்டர் மாற்றும்போது பழையதைக் கையில் வாங்கி, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதியதைப் பூட்டச் சொல்கிறேன். போன கிழமை போனபோது நான் கேட்கும் முன்பே அந்தப் பெடியன் பழைய பில்டரைத் துடைத்து, வளையம் இருக்கிற பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி நீட்டினான்.