லினக்ஸ் சர்வர் பேக்கப்பில் எந்தெந்த அடைவுகளை விலக்கலாம்?

கேள்வி

அலுவலகத்தில் உள்ள ஓர் உபுண்டு 22.04 சர்வர் முழுவதையும், இரவு நேரத்தில் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) மூலம் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்துவருகிறேன். அதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், டாக்கரில் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக இயக்கும் மென்பொருள்) இயங்கும் இரண்டு செயலிகளும் உள்ளன. எவற்றை விலக்குவது என்று தேடினால் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். /ப்ராக், /சிஸ், /டெவ் ஆகியவை எல்லாவற்றிலும் உள்ளன. சிலர் /ரன், /டெம்ப் ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். வேறு சிலரோ /வார், /யுஎஸ்ஆர் இரண்டையுமே முழுதாக விட்டுவிடச் சொல்கிறார்கள். டிஸ்க் பழுதானால் புதிய டிஸ்க்கில் மீட்டு, சர்வரைப் பழையபடி இயக்க வேண்டும் என்பதே நோக்கம். எதை அடிப்படையாகக் கொண்டு முடிவு செய்வது?

பதில் 1

அந்த அடைவு உண்மையிலேயே டிஸ்க்கில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். /ப்ராக், /சிஸ் இரண்டும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் நிலையைக் கோப்புகளைப் போலக் காட்டும் இடங்கள். /டெவ், /ரன் இரண்டும் நினைவகத்தில் இருப்பவை, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிதாக உருவாகின்றன. 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் /ப்ராக்/கேகோர் என்ற கோப்பின் அளவைப் பார்த்தால் 128 டெராபைட் என்று காட்டும். அதை நகலெடுக்கத் தொடங்கும் பேக்கப் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலக்கும்போது '/ப்ராக்/*' என்று நட்சத்திரக் குறியுடன் எழுதுங்கள். அப்போதுதான் உள்ளடக்கம் மட்டும் விடுபட்டு, வெற்று அடைவு பேக்கப்பில் இருக்கும். மீட்டபின் மவுன்ட் செய்ய, அதாவது கோப்பு முறைமையை ஓர் அடைவில் இணைக்க, அந்த அடைவு தேவை. தொடக்கச் சாய்கோட்டையும் விட்டுவிடாதீர்கள்: வெறுமனே 'டெம்ப்' என்று எழுதினால், எந்தச் செயலிக்குள் அந்தப் பெயரில் அடைவு இருந்தாலும் ஆர்சிங்க் அதையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். வெளி டிஸ்க் /எம்என்டி அல்லது /மீடியாவின் கீழ் மவுன்ட் ஆகியிருந்தால் அதையும் விலக்க வேண்டும்; இல்லையேல் பேக்கப் தன்னையே நகலெடுக்கத் தொடங்கும்.

/வார் முழுவதையும் விலக்குவது, என் பார்வையில், அந்தப் பட்டியல்களிலேயே மிக ஆபத்தான ஆலோசனை. எந்தெந்தப் பேக்கேஜ்கள் நிறுவப்பட்டுள்ளன என்ற பதிவு /வார்/லிப்/டிபிகேஜியிலும், பயனர்கள் அமைத்த கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக இயங்குபவை) /வார்/ஸ்பூல்/கிரானிலும் இருக்கின்றன. அங்கே தயங்காமல் விலக்கக்கூடியது /வார்/கேஷ் மட்டுமே. ஆப்ட் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) இறக்கிவைத்த பேக்கேஜ் கோப்புகள் அதில்தான் சேர்கின்றன. /யுஎஸ்ஆரை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம் என்பது உண்மைதான், ஆனால் சர்வர் நின்றுகிடக்கும் வேளையில் அந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது.

பதில் 2

பட்டியலே எழுதாமல் ஆர்சிங்க்கில் -எக்ஸ் விருப்பத்தைத் தரும் வழியும் உண்டு. அது தொடங்கிய கோப்பு முறைமையை விட்டு வெளியே போகாது. எதிர்ப்படும் மவுன்ட் இடங்களை வெற்று அடைவாக மட்டும் உருவாக்கும். நாளை யாராவது ஒரு நெட்வொர்க் டிரைவை மவுன்ட் செய்தாலும் அது பேக்கப்புக்குள் நுழையாது என்பதால், கையால் எழுதிய பட்டியலைவிட இதையே நான் நம்புவேன்.

ஆனால் /ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் அதுவும் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் கணினிகளில் /பூட்/இஎஃப்ஐயும் அப்படியே. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துவோர், அதன் துணைத் தொகுதிகளும் வேறு கோப்பு முறைமையாகவே கருதப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே முதலில், மவுன்ட் ஆனவற்றைப் பட்டியலிடும் ஃபைன்ட்மவுன்ட் கட்டளையை இயக்கி, தனித்தனியாக உள்ளவற்றை வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உபுண்டு 22.04-இல் /டெம்ப் வழக்கமாக ரூட் டிஸ்க்கிலேயே இருப்பதால், அதையும் ஸ்வாப் கோப்பையும் (நினைவகம் போதாதபோது பயன்படுவது) நீங்கள்தான் தனியாக விலக்க வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. -எக்ஸ் வழியையே பின்பற்றுகிறேன். /வார்/லிப்/டாக்கர் மிகப் பெரிதாக இருக்கிறது; அதனுள் ஓவர்லே2 அடைவை மட்டும் விலக்கினால் போதுமா? போஸ்ட்கிரெஸ் டாக்கருக்கு வெளியே, நேரடியாக நிறுவப்பட்டுள்ளது.

பதில் 3

ஓவர்லே2-ஐ மட்டும் விலக்காதீர்கள். இமேஜ்களின் (டாக்கர் செயலிகளை இயக்க உதவும் தொகுப்புகள்) அடுக்குகள் அதில் உள்ளன, அவற்றைப் பற்றிய குறிப்புகளோ பக்கத்தில் வேறு அடைவில் உள்ளன. குறிப்பு மட்டும் திரும்பி வந்து அடுக்குகள் வராவிட்டால், டாக்கர் இல்லாத ஒன்றைத் தேடிப் பிழை காட்டும். செயலிகளின் தரவு உள்ள வால்யூம்ஸ் அடைவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் விலக்குவதே சரி. ஆர்சிங்க் முதலில் பொருந்தும் விதியையே ஏற்கும் என்பதால், வால்யூம்ஸைச் சேர்க்கும் வரி, '/வார்/லிப்/டாக்கர்/*' என்ற விலக்கு வரிக்கு முன்னால் வர வேண்டும். கம்போஸ் கோப்புகள் (டாக்கர் செயலிகளை எப்படி இயக்குவது என்ற விவரம் உள்ளவை) பேக்கப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்களே உருவாக்கிய இமேஜ்களாக இருந்தால் டாக்கர்ஃபைலும் (இமேஜை உருவாக்கும் படிகள் உள்ள கோப்பு) மூல நிரலும் தேவைப்படும்.

போஸ்ட்கிரெஸைப் பொறுத்தவரை, அது இயங்கிக்கொண்டிருக்கும்போது தரவு அடைவை ஆர்சிங்க்கில் எடுத்தால், ஒரு கோப்பு ஒரு நொடியையும் அடுத்த கோப்பு வேறொரு நொடியையும் காட்டும். அந்த நகல் பின்னர் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பேக்கப்புக்குச் சற்றுமுன் பிஜி_டம்ப்ஆல் கட்டளை மூலம் எல்லாத் தரவுத்தளங்களையும் ஒரு கோப்பாக எழுதிவிடுங்கள். பிஜி_டம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும், பயனர் கணக்குகளை எடுக்காது. டம்ப் கோப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தபின், /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடைவைத் தாராளமாக விலக்கலாம்.

பதில் 1

ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய டிஸ்க்கில் பார்ட்டிஷன்களின் யுயுஐடி (அவற்றின் அடையாள எண்) மாறிவிடும். மீட்டபின் /இடிசி/எஃப்எஸ்டேபில் அவற்றைத் திருத்தி, கிரப்பை (சர்வரைப் பூட் செய்யும் நிரல்) மீண்டும் நிறுவிய பிறகே ரீபூட் செய்யுங்கள்.